பெரிய பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் எது நிற்கட்டும்: சறுக்குமரமா, தொங்கு கம்பியா, கயிற்று வலையா?

எட்டு வயது தாண்டிய பிள்ளைக்கு விளையாட்டுச் சாதனம் வாங்கக் கிளம்பும் பெற்றோரின் கண் முதலில் போவது சறுக்குமரத்தின் மேல். பிள்ளைக்கு முதலில் சலித்துப் போவதும் அதுதான். மூன்று வயதில் சறுக்குவதே ஒரு சாகசம். ஒன்பது வயதில் அது மேலேயிருந்து கீழே வர ஒரு வழி, அவ்வளவுதான்.

பெரிய பிள்ளைகள் சறுக்குமரத்தில் என்னதான் செய்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். ஏணியில் ஏறி ஒழுங்காகச் சறுக்குவது ஓரிரு முறை. அப்புறம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சறுக்குப் பாதையிலேயே கீழிருந்து மேலே ஓடுவார்கள். அது கைவந்ததும் மேடையின் தடுப்புக் கம்பியைப் பிடித்து வெளிப்பக்கம் தொங்குவார்கள். மேலே கூரை இருந்தால் அதன் மேல் ஏறி உட்காருவார்கள். "அதுக்கா இதை வாங்கினோம்?" என்று நாம் கத்துவோம். ஆனால் அந்த வயதுக்கு வேண்டியது உயரமும், கைக்கு நல்ல வேலையும்தான். நாம் வாங்கி வைத்த பொருளில் அது இல்லாததால் அவர்களே அதை உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

நார்வே ஆய்வாளர் எலன் சாண்ட்செட்டர் பிள்ளைகள் விரும்பித் தேடும் துணிச்சலான விளையாட்டுகளை 2007-ல் ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம், வேகம், ஆபத்தான கருவிகள், நீர் நெருப்பு போன்றவற்றின் அருகாமை, மல்லுக்கட்டு, பெரியவர் கண்ணில் படாமல் மறைந்து போவது. தோட்டத்துச் சாதனத்தால் இதில் உயரத்தையும் வேகத்தையும் தர முடியும். ஒளிந்துகொள்ள ஒரு மூலையையும் தர முடியும். எந்தச் சாதனம் எதைத் தருகிறது என்று பார்த்தால் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

என் சாய்வை முன்பே சொல்லிவிடுகிறேன். எட்டிலிருந்து பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு என் ஓட்டு தொங்கு கம்பிக்கு, அதாவது கை மாற்றி மாற்றித் தொங்கிக்கொண்டே போகும் மங்கி பாருக்கு. சறுக்குமரம் அதன் பிறகுதான், ஒரே ஒரு விதிவிலக்கைத் தவிர. அது பின்னால் வரும்.

முதலில் எடை, அப்புறம் எட்டும் உயரம்

வீட்டு உபயோகத்துக்கென்று விற்கும் பல சாதனங்களின் பெட்டியில் "3 முதல் 14 வயது வரை" என்று பெரிதாக இருக்கும். கையேட்டின் உள்ளே எங்கோ ஓர் ஓரத்தில் "ஒருவருக்கு அதிகபட்சம் 50 கிலோ" என்று இருக்கும். 14 வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் 50 கிலோவைத் தாண்டியிருப்பார்கள். சிலர் 11, 12 வயதிலேயே தாண்டிவிடுவார்கள். போதாக்குறைக்கு இவர்கள் சும்மா நிற்பதில்லை. குதிப்பார்கள், ஆடுவார்கள், இருவராகத் தொங்குவார்கள். ஆகவே வயதை நம்பாமல் எடையைப் பாருங்கள். பிள்ளையின் இன்றைய எடையோடு இன்னும் 15, 20 கிலோ கூட்டி, அதைத் தாங்கும் சாதனத்தைத் தேடுவது நல்லது.

தரநிலைகளிலும் இந்த வித்தியாசம் உண்டு. ஐரோப்பாவில் வீட்டுத் தோட்டச் சாதனங்கள் இஎன் 71-8-ன் கீழும், பொதுப் பூங்காச் சாதனங்கள் இஎன் 1176-ன் கீழும் வரும். அமெரிக்காவில் வீட்டுக்கு ஏஎஸ்டிஎம் எஃப்1148, பூங்காவுக்கு எஃப்1487. வளர்ந்த பிள்ளைகள் இருவர் மூவர் தினமும் ஏறப்போகிறார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள் என்றால், பூங்காத் தரத்தில் செய்த சிறிய சாதனம் ஒன்று, வீட்டுத் தரத்தில் செய்த பெரிய சாதனத்தை விட நீடித்து உழைக்கும். விலை கூடத்தான் செய்யும்.

அடுத்தது உயரம். 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளை கையை மேலே தூக்கினால் சுமார் 190 சென்டிமீட்டர் வரை எட்டும். தொங்கு கம்பி 180 சென்டிமீட்டரில் இருந்தால் அந்தப் பிள்ளை முழங்காலை மடக்கிக்கொண்டுதான் தொங்க வேண்டும். இரண்டு நாளில் வெறுத்துவிடும். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டி, பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கான தொங்கு கம்பிக்கு அதிகபட்ச உயரமாக 84 அங்குலத்தைச் சொல்கிறது, அதாவது சுமார் 213 சென்டிமீட்டர். பெரிய பிள்ளைகளுக்கு அந்த எல்லையை ஒட்டியே வாங்கலாம். கம்பியின் உயரத்தை மாற்றி அமைக்க வழியிருந்தால் இன்னும் நல்லது.

கோபுரமும் சறுக்கும்

நான்கு கால், ஒரு மேடை, மேலே கூரை, ஒரு பக்கம் ஏணி, மறுபக்கம் சறுக்கு. கடைப் படங்களில் அழகாக இருப்பது இதுதான். பெரிய பிள்ளைகளுக்கு வாங்குவதாக இருந்தால் மேடை உயரம் 90 சென்டிமீட்டர் உள்ளதைத் தொடவே வேண்டாம். 120-ஆ 150-ஆ என்பதுதான் கேள்வி. 120 மேடைக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் சறுக்கும், 150 மேடைக்கு 3 மீட்டர் சறுக்கும் வரும். சாய்வு இரண்டிலும் 30 பாகையை ஒட்டியே இருக்கும். அதனால் உயரமானதில் கிடைப்பது கூடுதல் செங்குத்து அல்ல, கூடுதல் நீளம். பெரிய பிள்ளைக்கு அந்த நீளம் தேவை. குட்டைச் சறுக்கில் உட்கார்ந்து காலை நீட்டினாலே பாதி வழி முடிந்துவிடும்.

குழாய்ச் சறுக்கு வேகமாக இருக்கும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. உள்ளே இன்னொரு பிள்ளை நிற்கிறதா என்பது மேலே இருப்பவருக்குத் தெரியாது. பெரிய பிள்ளைகள் குழாயின் முதுகில் ஏறி உட்காரவும் செய்வார்கள். நான் வாங்க மாட்டேன்.

பிளாஸ்டிக் சறுக்கில் இன்னொன்று. உடம்பு உரசிச் சறுக்கும்போது நிலை மின்சாரம் சேரும். மற்றவர்களுக்கு அது சுருக்கென்று ஒரு உதறல்தான். ஆனால் காது கேட்பதற்காகக் காக்ளியர் கருவி பொருத்திய பிள்ளைகளின் வெளிக்கருவியை அது பாதிக்கக்கூடும். அப்படிப்பட்ட பிள்ளைகள் சறுக்கும் முன் வெளிக்கருவியைக் கழற்றி வைக்கச் சொல்வார்கள்.

வெயிலில் உலோகச் சறுக்கு தொடையைச் சுட்டுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். பிளாஸ்டிக்கும் சுடும், அதை மறந்துவிடுகிறோம். பூமத்திய ரேகைக்கு நன்றாக வடக்கே இருப்பவர்கள் சறுக்கை வடக்குப் பார்த்து வைக்கலாம். வெயில் தலைக்கு நேர் மேலே வரும் இடங்களில் திசை பெரிதாக உதவாது. மர நிழலோ துணிப் பந்தலோதான் வழி.

கோபுரத்துக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். சறுக்கு சலித்த பிறகும் அந்த மேடை சலிப்பதில்லை. பதினொரு வயதுப் பிள்ளை புத்தகத்தோடு அங்கே போய் உட்காரும்; நண்பனோடு ரகசியம் பேசும்; கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி இருக்கும். சாண்ட்செட்டர் சொன்ன அந்த ஆறாவது வகை இதுதான். இதற்காகத்தான் கோபுரம் வாங்குகிறீர்கள் என்றால், மேடையிலிருந்து கூரை வரை உள்ள உயரத்தை அளந்து பாருங்கள். வளர்ந்த பிள்ளை நிமிர்ந்து நிற்க முடியாத கோபுரங்கள் ஏராளம்.

தொங்கு கம்பி

மங்கி பார் என்று நாம் சொல்லும் இந்தப் படுக்கை ஏணிக்குப் படத்தில் எந்தக் கவர்ச்சியும் இல்லை. ஆனால் இதில் பிள்ளை மேலே போய்க்கொண்டே இருக்கலாம். முதலில் ஒரு கம்பியைப் பிடித்துத் தொங்குவது. பிறகு அடுத்த கம்பிக்குக் கை மாற்றுவது. முதல் வாரம் மூன்றாவது கம்பியில் கை நழுவும். உள்ளங்கை சிவந்து, விரல் அடியில் தோல் தடித்து வரும். பிறகு ஒரு நாள் உடம்பை ஆட்டினால் அந்த வேகமே அடுத்த கம்பிக்குக் கொண்டுபோகிறது என்று யாரும் சொல்லாமலே புரியும். அதன் பின் ஒரு கம்பி விட்டு ஒரு கம்பி, பின்பக்கமாக, தலைகீழாக, மேலே ஏறி உட்கார்ந்து என்று ஆண்டுக்கணக்கில் ஓடும். பதினைந்து வயதில் அதே கம்பி உடற்பயிற்சிக்கு ஆகும். அப்பா அம்மாவுக்கும் ஆகும், எடை தாங்கினால்.

இங்கே கவனிக்க வேண்டியது கம்பியின் பருமன். பிடிக்கும் கம்பி 24 முதல் 39 மில்லிமீட்டர் விட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நான் மேலே சொன்ன அமெரிக்க வழிகாட்டியின் கணக்கு. சிறு கைகளுக்கு 30-ஐ ஒட்டியது வசதி. பருமனான மர உருளைகளைக் கம்பியாக வைத்த சாதனங்கள் பார்க்க நன்றாக இருக்கும், பிடிக்க முடியாது. கம்பிகளுக்கு நடுவே இடைவெளி 38 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கம்பி சுழலக் கூடாது. கடையில் பார்க்க முடிந்தால் இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள். லேசாகச் சுழன்றாலும் வேண்டாம்.

தரையில் ஊன்றுவது இதன் தலைவலி. ஆடும் உடம்பின் விசை முழுவதும் பக்கவாட்டில் வந்து கால்களை அசைக்கும். நான்கு காலையும் கான்கிரீட்டில் பதிக்காமல் வெறும் ஆணியால் அடித்து நிறுத்திய சட்டம் சில மாதங்களில் ஆட ஆரம்பித்துவிடும். கான்கிரீட்டின் தலை தரைமட்டத்துக்குக் கீழே புதைந்திருக்க வேண்டும். மேலே துருத்திக்கொண்டிருந்தால் விழுகிற பிள்ளைக்கு அதுவே ஆபத்து.

அரைக்கோளக் கூண்டு

கம்பிக் கூண்டில் ஏறும் விளையாட்டுக்கு ஒரு சுவையான பூர்வகதை உண்டு. சார்லஸ் ஹோவர்ட் ஹிண்டன் என்ற கணித அறிஞர் நான்காவது பரிமாணத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தவர். ஜப்பானில் இருந்தபோது, தன் பிள்ளைகளுக்கு முப்பரிமாணம் உடம்பிலேயே பழகட்டும் என்று மூங்கிலால் ஒரு கட்டச் சட்டம் கட்டினார். அதில் ஏறி வளர்ந்த மகன் செபாஸ்டியன் ஹிண்டன் பின்னாளில் சிகாகோவில் காப்புரிமை வழக்கறிஞரானார். அந்த நினைவிலிருந்து அவர் வடிவமைத்த ஜங்கிள் ஜிம் என்ற கம்பிக் கூண்டு 1920-களில் காப்புரிமை பெற்று உலகமெங்கும் பரவியது.

அந்தப் பழைய கனசதுரக் கூண்டில் ஒரு குறை. உச்சியிலிருந்து நழுவும் பிள்ளை உள்ளே இருக்கும் கம்பிகளில் இடித்துக்கொண்டே கீழே வரும். பிள்ளை 18 அங்குலத்துக்கு மேல் விழுந்து மோதக்கூடிய கம்பி எதுவும் உட்புறத்தில் இருக்கக் கூடாது என்கிறது இன்றைய வழிகாட்டி. முக்கோணங்களால் ஆன அரைக்கோளக் கூண்டு இந்தப் பிரச்சினையைத் தீர்த்துவிடுகிறது, உள்ளே வெற்றிடம்தான். 3 மீட்டர் விட்டம், 1.5 மீட்டர் உயரம் என்பது வீட்டுக்கு வழக்கமான அளவு. எடை பரவலாகப் பிரிவதால் நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் ஏறலாம். வரிசையில் நிற்கிற சண்டை இல்லை.

ஆனால் உச்சி 1.5 மீட்டர்தான். பத்து வயதுக்கு மேல் சவால் குறைந்துவிடும். ஆறு வயதும் ஒன்பது வயதும் ஒரே வீட்டில் இருந்தால் இதைவிடப் பொருத்தமானது இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை மட்டும் இருந்தால் வேண்டாம்.

கயிறும் சுவரும்

கயிற்று வலையில் காலை வைத்தால் அது அமுங்கும், அடுத்தவர் ஏறினால் ஆடும். இரும்புக் கம்பியில் கிடைக்காத தடுமாற்றம் அது. பெரிய பிள்ளைகளுக்கு அதுவே பிடிக்கும். கயிற்றின் எதிரி வெயில். புற ஊதாக் கதிரைத் தாங்கும் பக்குவம் செய்யாத பாலிப்ரொப்பிலீன் கயிறு சில கோடைகளில் மொரமொரப்பாகி இழை உதிரும். கையால் உருவிப் பார்த்தால் பொடி ஒட்டினால் அதன் ஆயுள் முடிந்தது. பூங்காக்களில் இருக்கும் வலைகளின் கயிற்றுக்குள் எஃகுக் கம்பி ஓடும். வீட்டுக்கு விற்பவற்றில் பெரும்பாலும் இருக்காது.

எந்தச் சாதனத்துக்கும் பொருந்தும் ஒரு விதியை இங்கே சொல்லிவிடலாம். 9 சென்டிமீட்டருக்கும் 23 சென்டிமீட்டருக்கும் இடைப்பட்ட சந்து ஆபத்தானது. உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் அளவு அது. ஏணிப் படிகள், தடுப்புக் கம்பிகள், மேடைக்கும் சறுக்குக்கும் நடுவே உள்ள இடம் எல்லாவற்றையும் அளவு நாடாவோடு பாருங்கள்.

ஏறு சுவர் இடம் குறைந்த தோட்டத்துக்கு ஏற்றது. உயரமாகக் கட்டாமல் நீளவாக்கில், கால் தரையிலிருந்து அரை மீட்டருக்கு மேல் போகாதபடி பக்கவாட்டில் நகரும் சுவராக வைத்தால் விழும் பயம் மிகக் குறைவு, சிரமம் குறைவதில்லை. பிடிகளை மாற்றி மாற்றிப் பொருத்த முடிவது இதன் பெரிய பலம். பாதை சலித்தால் ஸ்பேனரை எடுத்துப் புதிய பாதை போட்டுவிடலாம். நடுவில் ஒரே போல்ட்டில் நிற்கும் பிடி, ஓரத்தில் எடை விழும்போது சுழன்றுவிடும். பக்கத்தில் இன்னொரு திருகாணி போடத் துளை உள்ள பிடிகளாக வாங்குங்கள்.

இரண்டு மரங்களுக்கு நடுவே தடித்த நாடாவைக் கட்டி அதில் வளையமும் கயிறும் தொங்கவிடும் 'நிஞ்சா லைன்' எல்லாவற்றிலும் மலிவு. மரம் இருந்தால். அடிமரம் 30 சென்டிமீட்டராவது தடிமன் இருக்க வேண்டும், நாடா உரசாமல் மரத்துக்கு உறை கட்ட வேண்டும். பிள்ளைகள் தொங்கத் தொங்க நாடா தொய்ந்துகொண்டே போகும், அவ்வப்போது இறுக்க வேண்டும். முதலில் இதைக் கட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளை தொங்குகிறதா என்று தெரிந்த பிறகு நிரந்தரக் கம்பிக்குப் போவது புத்திசாலித்தனம்.

சறுக்கு ஜெயிக்கும் ஒரே இடம்

தோட்டத்தில் இயற்கையாகவே சரிவு இருந்தால் நான் சொன்னதை எல்லாம் ஓரமாக வையுங்கள். சரிவின் மேலேயே படுக்க வைத்த சறுக்குக்குக் கால் கிடையாது. பிள்ளை எங்கே கவிழ்ந்தாலும் மண் பக்கத்திலேயே இருக்கிறது. கோபுரத்தில் 3 மீட்டருக்கு மேல் போக முடியாத சறுக்கு இங்கே சரிவு எவ்வளவு நீளமோ அவ்வளவு போகலாம். வேகம் கிடைக்கும். சறுக்கை விட்டுவிட்டுச் சரிவில் ஓடி ஏறுவதே ஒரு விளையாட்டாகும். இது பன்னிரண்டு வயதிலும் சலிக்காத சறுக்கு. முடியும் இடத்தில் போதுமான சமதளம் மட்டும் விட வேண்டும்.

மரமா இரும்பா

பிளாஸ்டிக்கில் முழுதாக வார்த்த ஏறு சாதனங்கள் சின்னப் பிள்ளைகளுக்கானவை, அதைப் பேசி நேரம் வீணாக்க வேண்டாம். மரம் கண்ணுக்கு இதம், வெயிலில் கை சுடாது, நாமே வெட்டி ஒட்டி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மண்ணைத் தொடும் இடத்தில்தான் அது மக்கும். மேலே எல்லாம் புதிது போல இருக்கும். தரையோடு ஒட்டிய இரண்டு விரல்கடை உயரத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் முனை உள்ளே போகும். கால்களை நேராக மண்ணில் நடாமல் இரும்புச் செருகியின் மேல் நிறுத்தினால் ஆயுள் கூடும். பழைய மரச் சாதனத்தை இரண்டாம் கையாக வாங்கும்போது வயதைக் கேளுங்கள். ஆர்சனிக் கலந்த சிசிஏ என்ற மருந்து ஏற்றிய மரம் ஒரு காலத்தில் சாதாரணமாக விற்றது. அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்துக்கு அதை ஏற்றுவது 2003 முடிவோடு நின்றது.

இரும்பில் துத்தநாக முலாம் பூசியதா, வெறும் பவுடர் கோட்டிங் பெயிண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெயிண்ட் ஒரு இடத்தில் கீறினால் துரு உள்ளே பரவும். முலாம் கீறினாலும் கொஞ்ச காலம் தாங்கும். குழாய்களின் முனை மூடியிருக்கிறதா, உள்ளே தண்ணீர் தேங்குமா என்பதையும் பாருங்கள். தொங்கு கம்பிக்கு என் தேர்வு இரும்பு, மேடைக்கு மரம்.

தரை

சாதனத்தைத் தேர்வு செய்ய ஒரு மாதம் எடுத்துக்கொள்கிறவர்கள் தரையைப் பற்றி யோசிப்பதே இல்லை. "புல்தானே இருக்கு, போதும்" என்பார்கள். காலடி பட்டு இறுகிய புல்தரை மண்தரைதான். இந்த வகைச் சாதனங்களில் காயங்களுக்கு முதல் காரணம் விழுவது. உடைவது பெரும்பாலும் ஊன்றும் கை.

அமெரிக்க வழிகாட்டியின் கணக்குப்படி 23 சென்டிமீட்டர் மணல் 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதைத் தாங்கும். அதே தடிமனில் உருண்டைச் சிறு கூழாங்கல் 1.5 மீட்டர், மரப்பட்டைத் தூள் 2.1 மீட்டர், மரச்செதில் 3 மீட்டர். துண்டாக்கிய ரப்பர் 15 சென்டிமீட்டர் போட்டாலே 3 மீட்டருக்குப் போதும். இவை அமுங்கிய பிறகுள்ள தடிமன். 23 வேண்டுமென்றால் 30 கொட்ட வேண்டும். ஆக, அரைக்கோளக் கூண்டுக்குக் கூழாங்கல்லே சரியாக இருக்கும், 2.1 மீட்டர் தொங்கு கம்பிக்கு மணல் போதாது, மரச்செதில் வேண்டும்.

சாதனத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் 1.8 மீட்டர் காலியாக விட வேண்டும். 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலமுள்ள தொங்கு கம்பிக்கு 6.6-க்கு 4.6 மீட்டர் இடம் போய்விடும். கூண்டுக்கு 6.6 மீட்டர் வட்டம். ஊஞ்சலையும் சேர்த்தால் கதையே வேறு: அது தொங்கும் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு முன்னாலும் பின்னாலும் வேண்டும். 2.2 மீட்டர் உயர ஊஞ்சலுக்கு மட்டுமே 8.8 மீட்டர். இடம் நெருக்கடி என்றால் முதலில் வெட்ட வேண்டியது ஊஞ்சலை.

ஆக, யாருக்கு எது

சரிவு உள்ள தோட்டம்: சரிவுச் சறுக்கு, பக்கத்தில் மேலே ஏறிவர ஒரு கயிறு. சமதளம், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள்: 2.1 மீட்டர் தொங்கு கம்பி, கையில் காசு மிஞ்சினால் ஒரு கயிற்று வலை. ஆறும் பத்துமாக இருவர்: அரைக்கோளக் கூண்டு, அல்லது 150 சென்டிமீட்டர் மேடையுள்ள கோபுரத்தோடு கம்பியும் சேர்ந்த சாதனம். குறுகிய இடம்: மதிலை ஒட்டிய நீள ஏறு சுவர்.

வீட்டில் மூன்று வயதுக் குழந்தையும் இருந்தால், பெரிய பிள்ளைகளின் ஏணியில் கீழ்ப்படிகள் இரண்டைக் கழற்றிவிடுங்கள். காலைத் தூக்கி வைக்க எட்டாதது ஒன்றே அந்தக் குழந்தைக்குப் பூட்டு. பெரிய பிள்ளைகள் எப்படியும் தாவி ஏறிவிடுவார்கள். சைக்கிள் ஹெல்மெட்டோடு யாரையும் ஏற விடாதீர்கள். உடம்பு நுழையும் சந்தில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டால் வார் கழுத்தை இறுக்கும். பிள்ளைகள் தாங்களே கட்டித் தொங்கவிடும் கயிறுகளும் அதே காரணத்துக்காக மாலையில் அவிழ்க்கப்பட வேண்டும். மரச் சட்டம் காய்ந்து சுருங்கும்போது போல்ட்டுகள் தளரும் என்பதால், நிறுத்திய ஒரு மாதம் கழித்து ஒருமுறை எல்லாவற்றையும் ஸ்பேனரால் இறுக்குங்கள்; அதன் பிறகு ஆண்டுக்கு இரண்டு தடவை போதும்.